ஒரக்கிளை விட்டு போஸ்ட்கிரெஸுக்கு: கல்முனைத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி கல்முனையிலிருந்து வந்தது. கேட்டவர் ஒரு லீசிங் கம்பனியின் ஐ.டி. பிரிவில் வேலை செய்கிறார். தலைமையகம் கொழும்பில், கிளைகள் பொத்துவில், வாழைச்சேனை என்று நாடு முழுக்க, எல்லாம் ஒரக்கிள் கம்பனி காசுக்கு விற்கிற ஒரே டேட்டாபேஸில் ஓடுகிறது. டொலர் ஏறியதிலிருந்து ஒரக்கிள் பில்லைப் பார்த்து மேலிடத்துக்குத் தலைசுற்றல். "போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசம், இரண்டோடும் பேசுகிற மொழி எஸ்.கியூ.எல். தானே, டூல் ஒன்று மாற்றித் தந்துவிடும், ஆறு மாதத்தில் முடியுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். முடியுமா அண்ணா, எங்கே அடிபடும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, தரவை மட்டும் கொண்டுபோவதென்றால் ஆறு மாதம் தேவையே இல்லை. நல்ல டிஸ்க்கும் நல்ல லைனும் இருந்தால் ஒரு வார இறுதி போதும். கஷ்டம் அதில் இல்லை. ஒரக்கிள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று உங்கள் புரோகிராமர்மார் வருடக்கணக்காக நம்பி, அந்த நம்பிக்கையை ஒரு இடத்திலும் எழுதிவைக்காமல் கோடுக்குள் விட்டுவிட்டு கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்களே, அதுதான் எந்த டூலிலும் ஏறாது. அதில் ஒரு பகுதி புதிய இடத்தில் எரர் தரும். எரர் தந்தால் சந்தோசப்படுங்கள், ஆளைப் பிடித்துவிட்டீர்கள். மிச்சம் எரர் தராது, பிழையான விடையைச் சத்தமில்லாமல் தரும்.

முதலில் காசு, ஏனென்றால் மேலிடத்தின் கவலை நியாயமானது. ஒரக்கிளின் விலைப்பட்டியலில் என்டர்பிரைஸ் பதிப்பு ஒரு புரொசெசருக்கு 47,500 டொலர், வருடாந்த சப்போர்ட் அதில் 22 வீதம். இன்டெல் சேர்வரில் இரண்டு கோர் சேர்ந்தால் ஒரு புரொசெசர் என்று கணக்கு. ஆக 16 கோர் சேர்வருக்கு 8 லைசன்ஸ், 380,000 டொலர், சப்போர்ட் மட்டும் வருடத்துக்கு 83,600 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 1 கோடி 67 இலட்சம். 2022இல் டொலர் 360ஐத் தாண்டியபோது அதே பில், அதே சேர்வர், 3 கோடிக்கு மேல். பட்டியல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை, கழிவு உண்டு, ஆனால் ரூபாயில் ஏறிய விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். எனவே மாறுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸுக்கு லைசன்ஸ் காசு இல்லை, அதைத் தெரிந்து பராமரிக்கிற ஆளுக்குச் சம்பளம் உண்டு, அந்த ஆட்கள் இப்போது இலகுவில் கிடைப்பதும் இல்லை என்று மட்டும் கணக்கில் எழுதிவையுங்கள்.

அடுத்தது, அந்த லீசிங் சொப்ட்வெயார் உங்கள் ஆட்களே எழுதியதா, வெளியே வாங்கியதா? வாங்கியதென்றால் விற்றவரிடம் போஸ்ட்கிரெஸில் ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஓடாது என்றால் இந்தப் பதிலின் மிச்சம் உங்களுக்குத் தேவைப்படாது. அமேசான் 2019இல் தன் நுகர்வோர் வியாபாரத்தின் கடைசி ஒரக்கிள் டேட்டாபேஸை மூடியதாக அறிவித்தபோது கணக்கு 75 பெட்டாபைட், ஏறக்குறைய 7,500 டேட்டாபேஸ். அவ்வளவு கை உள்ளவர்களே ஒரக்கிளோடு இறுகப் பிணைந்த சில வெளியார் மென்பொருட்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சொந்தக் கோட் என்றால் அளந்து பாருங்கள். ஓரா2பிஜி என்று ஒரு திறந்தமூல டூல் இருக்கிறது, அதைத் தரவை மாற்றுவதற்கு முன்னால் அளப்பதற்குப் பாவியுங்கள். எத்தனை டேபிள், எத்தனை ட்ரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் கோட்), எத்தனை பெக்கேஜ் (ப்ரொசீஜர்களின் கட்டு), ஒவ்வொன்றையும் மாற்ற உத்தேசமாக எவ்வளவு நேரம் என்று ரிப்போர்ட் போட்டுத் தரும். டேபிள் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், டேபிள் ஆயிரம் இருந்தாலும் ஒரு பிற்பகல் வேலை. பி.எல். எஸ்.கியூ.எல்., அதாவது ஒரக்கிளுக்குள்ளேயே ஓடுகிற புரோகிராம் மொழி, எத்தனை வரி என்று பாருங்கள். வட்டிக் கணக்கு, தண்டப்பணம், கொமிஷன் எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே ப்ரொசீஜராக இருந்தால் உங்களுடையது உண்மையில் டேட்டாபேஸ் மாற்றம் இல்லை, புதிதாக எழுதுகிற புரொஜெக்ட். பெக்கேஜுக்குள் செஷன் முழுக்க உயிரோடு இருக்கிற மாறிகள், மெயின் வேலை ரோல்பேக் ஆனாலும் (முழுதாகக் கைவிடப்பட்டாலும்) தான் மட்டும் கமிட் ஆகிற (நிரந்தரமாகப் பதிவாகிற) தன்னிச்சை ட்ரான்சாக்சன், இவை இரண்டுக்கும் போஸ்ட்கிரெஸில் நேர் சோடி இல்லை. சுற்றுவழி இருக்கிறது, ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மேலிடம் கேட்ட ஆறு மாதம் சரியா பிழையா என்பதை இந்த ரிப்போர்ட்தான் சொல்லும், நானில்லை.

இனி அடிபடுகிற இடங்கள். எனக்குத் தெரிந்து ஆகப் பெரியது எரர் வரும்போது என்ன நடக்கிறது என்பது. ஒரக்கிளில் ஒரு ட்ரான்சாக்சனுக்குள், அதாவது ஒன்றாகப் பதிய வேண்டிய கட்டளைத் தொகுதிக்குள், பத்து இன்சேர்ட் (புதிய வரி சேர்க்கும் கட்டளை) போடுகிறீர்கள், ஏழாவது டூப்ளிகேட் என்று விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று மட்டும் போகும், புரோகிராம் அதைப் பிடித்துவிட்டு எட்டாவதுக்குப் போகலாம். போஸ்ட்கிரெஸில் ஏழாவது விழுந்தவுடன் முழு ட்ரான்சாக்சனும் செத்தது, ரோல்பேக் செய்யும்வரை அடுத்த எந்தக் கட்டளையையும் ஏற்காது. இதைக் கண்ட புரோகிராமர் என்ன செய்வார்? ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு சேவ்பொயின்ட், அதாவது விழுந்தால் அந்த இடம் வரை மட்டும் திரும்பிவர ஓர் அடையாளம், போடுவார். ஓடும். டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு சேவ்பொயின்ட்டும் உள்ளே ஒரு குட்டி ட்ரான்சாக்சன், ப்ரொசீஜரில் எழுதுகிற எக்ஸெப்ஷன் புளொக்கும் அதேதான். ஒரு செஷனுக்கு இப்படி 64 வரைதான் கைக்கெட்டிய இடத்தில் ஞாபகம் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் எந்த வரி யாருக்குத் தெரிய வேண்டும் என்று பார்க்க மற்ற எல்லா செஷனும் வேறொரு மெதுவான இடத்தில் போய்த் தேட வேண்டும். அதாவது மொத்தமாக ஓடுகிற ஒரு தொகுப்பு வேலை போட்ட சேவ்பொயின்ட்டுக்கு கவுண்டரில் ரசீது அடிக்கிற பிள்ளை காத்திருப்பாள். 2018 பிரைம் டே அன்று அமேசானின் ஒஹாயோ களஞ்சியம் ஒன்றில் நடந்த தடங்கல் பற்றி அமெரிக்கச் செய்தி நிறுவனமான சி.என்.பி.சி. பெற்று எழுதிய அமேசானின் உள்ளறிக்கையிலும் இதுதான் இருந்தது: ஒரக்கிளும் புதிய போஸ்ட்கிரெஸ் வகையும் சேவ்பொயின்ட்டைக் கையாளும் விதம் வேறு. உலகத்தின் மிகப் பெரிய கடைகளில் ஒன்றுக்கே வருடத்தின் ஆகப் பரபரப்பான நாட்களில் ஒன்றில்தான் தெரியவந்தது. டூப்ளிகேட் வந்தால் விட்டுவிடு என்று இன்சேர்ட்டிலேயே சொல்கிற வழி போஸ்ட்கிரெஸில் இருக்கிறது, அதைப் பாவித்து எழுதினால் சேவ்பொயின்ட்டே தேவைப்படாது.

வெற்று எழுத்துக்கோவை தெரிந்த கதை. ஒரக்கிளுக்கு வெறுமையும் 'நல்' (null, பெறுமதியே இல்லை என்ற குறி) என்பதும் ஒன்று, போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. அதோடு ஒரக்கிளில் பெயரோடு நல்லை ஒட்டினால் பெயர் மிஞ்சும், போஸ்ட்கிரெஸில் ஒட்டினால் எல்லாம் நல். நடுப்பெயர் இல்லாத வாடிக்கையாளரின் முழுப்பெயர் ரிப்போர்ட்டில் காணாமல் போகும்.

வட்டிக் கணக்கில் இன்னும் கவனம். ஒரக்கிளில் எண்ணுக்கு வழமையாக நம்பர் என்று ஒரே வகை, அதில் 5ஐ 2ஆல் வகுத்தால் 2.5. நீங்கள் வேகத்துக்காக அதை இன்டிஜர் (முழு எண் வகை) ஆக்கியிருந்தால் போஸ்ட்கிரெஸ் 2 என்று சொல்லும், எரர் கிடையாது. காசு நிரலை மிதவைப் புள்ளி வகைக்கு மாற்றினால் சரியாக அரையில் நிற்கிற எண்ணை முழு எண்ணாக்கும் விதமே மாறும், ஒரு தவணையில் ஒரு ரூபாய் வித்தியாசம் தெரியாது, 60 மாத ஒப்பந்தங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது பொதுப்பேரேடு பொருந்தாது. காசுக்கு நியூமெரிக் (துல்லியமான தசம வகை), வரிகளை அடையாளம் காட்டும் இலக்கத் திறவுகளுக்கு பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை). இதில் பேரம் வேண்டாம்.

இனி சொல்லப்போவதை வெளிநாட்டு வழிகாட்டிகளில் தேடிக் களைக்காதீர்கள், இது நம் நாட்டுச் சங்கதி. ஒரக்கிளின் டேட் என்பது திகதியும் மணி நிமிட செக்கனும் சேர்ந்தது, நேர வலயம் கிடையாது. நிறையப் பேர் மாற்றும்போது இதை நேர வலயம் உள்ள டைம்ஸ்டாம்ப் ஆக்குவோம், நவீனமாக இருக்கட்டும் என்று நினைப்பார்கள். இலங்கை நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் என்றுதான் இளம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஆறரைக்குப் போனோம், ஒக்டோபரில் ஆறுக்கு வந்தோம், 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தோம். கணினியின் நேர வலயப் பட்டியலில் கொழும்புக்கு இதெல்லாம் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. இப்போது 2001இல் பிறந்த ஒருவரின் பிறந்த திகதி ஒரக்கிளில் நள்ளிரவு 00:00 என்று இருக்கிறது. லோட் செய்கிற டூல் கொழும்பு வலயத்தைப் பார்த்து ஆறு மணி கழித்து வைக்கிறது, அப்ளிகேஷனோ நிலையாக ஐந்தரை கூட்டிக் காட்டுகிறது. விடை முந்தின நாள் இரவு 11:30. திகதியை மட்டும் காட்டுகிற திரையில் அவர் ஒரு நாள் முன்னால் பிறந்துவிட்டார். அந்தப் பத்து வருடத்துப் பிள்ளைகள்தான் இப்போது உங்களிடம் த்ரீவீலும் மோட்டார் சைக்கிளும் லீசிங் எடுக்கிறவர்கள். அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும் இருப்பதால் ஒப்பிட்டால் பிடிபடும், ஒப்பிடாவிட்டால் சி.ஆர்.ஐ.பி. (கொடுகடன் தகவல் பணியகம்) ரிப்போர்ட் பொருந்தாமல் வரும்போதுதான் தெரியும். பிறந்த திகதி, ஒப்பந்தத் திகதி இவற்றுக்கு நேரமே இல்லாத டேட் வகை. ரசீது அடித்த நேரம் போன்றவற்றுக்கு மட்டும் நேர வலயம் பற்றி யோசியுங்கள்.

அடையாள அட்டை என்றதும் இன்னொன்று. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் கடைசியில் வீ அல்லது எக்ஸும், 2016இலிருந்து பன்னிரண்டு எண். அந்த வீயை ஒரு கிளையில் பெரிய எழுத்தில் அடித்திருப்பார்கள், இன்னொரு கிளையில் சின்னதில். ஒரக்கிளும் போஸ்ட்கிரெஸும் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கும், எனவே உங்களுக்குப் புதிய பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் கம்பனி வாங்கிச் சேர்த்த சின்னக் கம்பனிகளின் தரவு மைஎஸ்கியூஎல்லிலோ எஸ்கியூஎல் சேர்வரிலோ இருந்தால், அங்கே வழக்கமான அமைப்பில் இரண்டும் ஒன்று. கொண்டுவந்து சேர்த்தவுடன் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். கொழும்பில் யாரும் இதை யோசிக்க மாட்டார்கள், அம்பாறை மட்டக்களப்புக் கிளைகளில் இருக்கிற நாம்தான் சொல்ல வேண்டும். ஒரக்கிளில் 30 என்று அகலம் போட்டால் வழமையாக அது 30 பைட், 30 எழுத்து அல்ல. யூ.டி.எஃப். எட்டில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட், விசிறி கொம்பு புள்ளி எல்லாம் தனித்தனி 3. அதனால் பத்துக் குறியோடு நிரல் நிரம்பிவிடும். அப்ளிகேஷன் அதை வெட்டிச் சேமித்திருந்தால் வெட்டியது வெட்டியதுதான், போஸ்ட்கிரெஸ் எழுத்துக் கணக்கில் இடம் தந்தாலும் போன பகுதி திரும்பாது. அந்த வாடிக்கையாளர்களின் பட்டியலை இப்போதே எடுத்து விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். பழைய பதிவுகளில் பாமினி எழுத்துரு இருக்கும், சந்தேகமே வேண்டாம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் அகரமும் ஆகாரமும் ஒரே ஆங்கில எழுத்தின் சின்னதும் பெரியதும், எகர ஏகாரமும் அப்படியே. தேடல் வசதிக்காகப் பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக்கிவிடுவோம் என்று யாராவது நல்லெண்ணத்தில் ஒரு கட்டளை போட்டால் குறில்கள் நெடிலாகிவிடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. மாற்றத்தோடு மாற்றமாக பாமினியை யுனிகோடுக்குக் கொண்டுவரலாம், ஆனால் அதைத் தனி வேலையாக, டேட்டாபேஸ் மாறுவதற்கு முன்னால் ஒரக்கிளிலேயே செய்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

வேகம் பற்றிச் சுருக்கமாக. ஒரக்கிள் பழைய பதிப்பு வரிகளை வேறிடத்தில் வைக்கும், போஸ்ட்கிரெஸ் டேபிளுக்குள்ளேயே விட்டுவைத்துப் பிறகு வெக்கியூம் என்ற வேலை வந்து துப்புரவாக்கும். ஒருவர் காலையில் ஒரு ரிப்போர்ட்டை ட்ரான்சாக்சனோடு திறந்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனால், அவர் அதை மூடும்வரை, அவர் திறந்த பிறகு பழசான வரிகளைத் துப்புரவாக்க முடியாது, டேபிள் ஊதும். கியூரிகளுக்குள் இந்த வழியில் தேடு என்று ஒரக்கிளுக்கு எழுதிய ஹின்ட் எல்லாம் போஸ்ட்கிரெஸுக்கு வெறும் குறிப்பு, கண்டுகொள்ளாது. ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு புரொசெஸ் என்பதால் கிளைகள் எல்லாம் நேரடியாக வந்து தொங்கக் கூடாது, கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்க நடுவில் பிஜிபவுன்ஸர் மாதிரி ஒன்று வேண்டும். போஸ்ட்கிரெஸ் மேல் பக்தி உள்ளவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள், அவர்களுக்கு உபர் கதையைச் சொல்லுங்கள்: உபர் 2016இல் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்கியூஎல்லுக்கு ஏன் போனோம் என்று விரிவாக எழுதியது. போஸ்ட்கிரெஸின் இன்டெக்ஸ்கள் (வேகமாகத் தேட உதவும் சுட்டிப் பட்டியல்கள்) வரி இருக்கிற இடத்தையே நேராகக் காட்டுவதால் வரி இடம் மாறினால் எல்லா இன்டெக்ஸையும் தொட வேண்டிவரும், மைஎஸ்கியூஎல்லில் துணை இன்டெக்ஸ் முதன்மைத் திறவைத்தான் காட்டும். இடைவிடாமல் அப்டேட் நடக்கிற அவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். நாளுக்குச் சில ஆயிரம் ரசீது அடிக்கிற உங்களுக்கு அது ஒரு காரணமே இல்லை. பெரிய கம்பனி எடுத்த முடிவைப் பார்த்து நாமும் எடுப்பது எனக்கு ஒருபோதும் பிடிக்காத பழக்கம்.

சரி, எப்படிச் செய்வது? மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் செய்த மாதிரிச் செய்யுங்கள். பழைய பாலத்தில் வாகனம் ஓட ஓடப் பக்கத்தில் புதியதைக் கட்டி, 2013இல் போக்குவரத்தை அங்கே திருப்பினார்கள், பழையதை உடைக்கவில்லை. டெபிசியம் போன்ற ஒரு டூலை வைத்து ஒரக்கிளில் நடக்கிற ஒவ்வொரு மாற்றமும் போஸ்ட்கிரெஸுக்கு உடனுக்குடன் போகும்படி செய்யுங்கள். பிறகு வாசிப்பை மட்டும் முதலில் நகர்த்துங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் புதிய பக்கம். ஒவ்வொரு நாள் முடிவு ரிப்போர்ட்டையும் இரண்டு பக்கமும் ஓட்டி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மேலே சொன்ன அமைதியான பிழைகளைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான், எத்தனை டெஸ்ட் எழுதினாலும் இதற்கு ஈடில்லை. ஒரு மாத முடிவாவது ஒரு சதம் வித்தியாசமில்லாமல் பொருந்தும்வரை எழுதுவதை நகர்த்த வேண்டாம். மொடியூல் மொடியூலாகப் போவது பேச்சில் அழகு, ஆனால் ஒரு ட்ரான்சாக்சன் இரண்டு டேட்டாபேஸையும் தொட்டால் அது நரகம், எனவே ரசீதும் பேரேடும் போல ஒன்றாகக் கமிட் ஆகிறவற்றைப் பிரிக்காதீர்கள்.

திருப்புகிற நாள் மாத முடிவாக இருக்கக் கூடாது, மார்ச் 31 கூடாது, பெப்ரவரி மார்ச்சில் பெரும்போக அறுவடைக் காசோடு ஆட்கள் தவணை கட்ட வந்து நிற்கும்போது கூடவே கூடாது. மாரி மழைக்குள் வேண்டாம், கரண்டும் லைனும் எப்போது போகும் என்று நமக்குத் தெரியாது. சனி ஞாயிறோடு ஒட்டி வருகிற ஒரு போயா நல்லது. அன்று மறக்கிற விடயம் எப்போதும் இரண்டு: அடுத்த வரிசை இலக்கத்தைத் தருகிற சீகுவென்ஸ்களை ஒரக்கிள் நின்ற இலக்கத்துக்குத் தூக்கிவிடுவது, லோட் முடிந்ததும் தரவின் புள்ளிவிபரத்தைச் சேர்க்கிற அனலைஸ் கட்டளையை ஓட்டுவது. முதலாவதை மறந்தால் திங்கள் காலை முதல் ரசீதே டூப்ளிகேட், இரண்டாவதை மறந்தால் எல்லாம் ஊரும். திருப்பியவுடன் எதிர்த்திசை ஓட்டத்தையும் திறந்துவிடுங்கள், போஸ்ட்கிரெஸில் எழுதுவது ஒரக்கிளுக்குப் போகட்டும். புதன்கிழமை ஏதாவது கோளாறு என்றால் திங்கள் செவ்வாய்த் தரவை இழக்காமல் திரும்ப அது ஒன்றுதான் வழி. இந்த எதிர்த்திசை ஓட்டத்துக்கு நேரமில்லை என்று மேலிடம் சொன்னால் அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதை நாளைக்கே செய்யலாம். ஒரக்கிள் சப்போர்ட் ஒப்பந்தம் எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். லைசன்ஸ் நிரந்தரமாக வாங்கியதென்றால் சப்போர்ட்டை நிறுத்திய பிறகும் பழைய டேட்டாபேஸை வைத்திருக்கலாம், பிழைதிருத்தங்கள் மட்டும் வராது. அதை வெளியே இணைக்காமல், வாசிக்க மட்டும் விட்டு, ஓடிட்டர்மார் அந்த வருடக் கணக்கை மூடும்வரை வைத்திருங்கள். புதுப்பிக்கும் திகதிக்கு முன்னால் ஒரு மாத முடிவு ஒப்பீடும், திருப்பிய பிறகு சில வார எதிர்த்திசை ஓட்டமும் அடங்க வேண்டும். அடங்காது என்று தெரிந்தால் இன்னொரு வருட சப்போர்ட்டைக் கட்டுங்கள் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள், மேலிடம் முகம் சுளித்தாலும்.